வரியில் வைத்த விரல்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போதே தெரிந்துவிட்டது, பாதிக்கு மேல் ஒரே வேதனைதான். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பவர் முகம் வாடுகிறது. எதை முதலில் பார்ப்பது? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். அதனால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அம்மா, எனக்கு இரண்டு பிள்ளைகள். அலுவலகம் முடிந்து வீட்டுக்குள் காலை வைத்ததுமே பாத்திரம், துணி, மறுநாளுக்கான ஏற்பாடு என்று தொடங்கிவிடும். சின்னவளுக்கு எட்டு வயது. எதையாவது சொல்ல வந்து நிற்பாள். "இரு கண்ணு, இதை முடிச்சுட்டு வரேன்" என்பேன். முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் தூங்கியிருப்பாள். போன வாரம் அவள் தன் பொம்மையிடம் "இரு கண்ணு, முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லி விளையாடிக்கொண்டிருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தப் பொம்மையிடம் வந்து நின்றுவிட்டேன். "முடிச்சுட்டு வரேன்" என் வீட்டிலும் தினமும் கேட்ட சொல்தான்.

நான் ஓர் அச்சகத்தில் 29 வருடம் புரூஃப் பார்த்தவள். அச்சேறும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்தும் வேலை. பகலில் முடியாததைக் கட்டி வீட்டுக்கு எடுத்து வருவேன். காலையில் ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், மெஷினில் ஏற வேண்டும் என்றால் இரவிலேயே பார்த்துத் தீர்த்தாக வேண்டும். புரூஃப் பார்ப்பவர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. படிக்கிற வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொள்வோம். யாராவது கூப்பிட்டால் தலை நிமிரும், விரல் நகராது. எடுத்தால் இடம் தவறிவிடும், ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவோம் என்ற பயம்.

ஓர் இரவு என் மகன் வந்து மேஜை ஓரத்தில் நின்றான். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே பள்ளியில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தான். நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்து "ம், சொல்லு" என்றேன். கவனமாகக் கேட்கிறேன் என்றுதான் நானும் நம்பினேன். அவன் பாதியில் நிறுத்திவிட்டான். "சொல்லுடா, கேட்டுட்டுத்தானே இருக்கேன்" என்றேன். அவன் என் கையைப் பார்த்தான். "உன் விரல் அங்கேயே இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கேட்டேன். "ஒண்ணுமில்ல, மறந்துடுச்சு" என்றான். அவனுக்கு இப்போது 38 வயது. அன்று என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பிள்ளைகள் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள், அம்மா. ஈரக் கை, துணியைப் பிடித்த கை, போனைப் பிடித்த கை எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். அந்தக் கை எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது.

அடுத்த நாளிலிருந்து நான் ஒன்று செய்தேன். அவன் வந்து நின்றால், வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பக்கத்தில் இரண்டு சொல் எழுதுவேன், "இங்கே ஒற்று பார்" என்கிற மாதிரி. பிறகு விரலை எடுத்துவிட்டு நாற்காலியையே அவன் பக்கம் திருப்பிவிடுவேன். இடம் தவறிவிடுமோ என்ற பயம் போன பிறகுதான் அவன் சொல்வது என் காதில் முழுசாக விழுந்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது என்று பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். பாதியில் நின்ற வேலைதான் முடித்த வேலையைவிட அதிகமாக நினைவில் தங்குகிறது என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-லேயே எழுதியிருக்கிறார். 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்றார். அவரே தெரசா கிளாம்ப் என்பவரோடு சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஒரு வழியும் இருக்கிறது. வேலையை விட்டு எழுவதற்கு முன்னால், எந்த இடத்தில் நிறுத்துகிறோம், திரும்பி வந்ததும் எதைச் செய்ய வேண்டும் என்று சுருக்கமாக எழுதிவைத்துவிட்டால் அந்த ஒட்டுதல் குறைகிறதாம். அலுவலக வேலைகளை வைத்துச் செய்த ஆய்வுதான் அது. ஆனால் என் பென்சில் புள்ளியை அதில் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலை.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். அவள் வந்து நின்றால் கையைத் துடையுங்கள். நனைய வைத்த துணி, பாதியில் நிற்கும் கணக்கு, எதுவானாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு வரி. பிறகு தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அவள் கண் உயரத்துக்கு நீங்கள் வந்துவிட்டால் பாதிக் கதை தானாக வெளியே வரும். எட்டு வயதுப் பிள்ளையின் கதை பெரும்பாலும் ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் நீண்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்று பாத்திரம் கிடக்கட்டும்.

இன்னொன்று. "முடித்துவிட்டு" என்று நாம் சொல்கிறோமே, வீட்டு வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. நிறுத்துகிற இடம்தான் உண்டு. அதை நீங்கள்தான் வைக்க வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் முதல் பத்து நிமிடத்தைப் பிள்ளைகளுக்கு வைத்துப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை வைத்தால் அது ஒரு நாளும் வராது.

அடுப்பில் ஏதோ கொதிக்கிறது, நிஜமாகவே நகர முடியாது என்றால், "இதை இறக்கி வச்சுட்டு நானே உன்கிட்ட வரேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நீங்களே அவளைத் தேடிப் போங்கள். அவள் மறுபடி வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டாவது முறை வருவதற்குப் பிள்ளைகளுக்கும் கூச்சம் இருக்கும்.

பொம்மை விஷயத்தை நினைத்துக் குமைய வேண்டாம். "அம்மா தினமும் முடிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டு வராம இருந்துட்டேன் இல்ல? தப்புதான். இன்னைக்கு நீ சொல்லு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எட்டு வயதுக்கு அது நன்றாகப் புரியும்.

கேள்வி: அம்மா, காலை எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருகிறேன். எல்லாம் குடும்பத்துக்காகத்தான். ஆனால் மனைவி "என்கூட நீங்க பேசறதே இல்ல" என்கிறாள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசினால் போதும்?

பதில்: நேரக் கணக்கு கேட்கிறீர்கள். உங்கள் மனைவி கேட்பது நேரத்தை மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதிதாக மணமான தம்பதிகளைக் கவனித்து ஓர் ஆய்வு செய்தார். ஒருவர் மற்றவரைச் சின்னச் சின்னதாக அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். ஒரு பெருமூச்சு, ஒரு கேள்வி, "இதைப் பாரேன்" என்கிற ஒரு சொல். மற்றவர் அதற்குத் திரும்புகிறாரா, திரும்பாமல் இருக்கிறாரா, எரிந்து விழுகிறாரா என்று எண்ணினார். ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அந்த அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தவர்கள். பிரிந்துபோனவர்கள் திரும்பியது 33 சதவீதத்துக்குத்தான்.

அந்த அழைப்புகள் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? சில நொடி. உங்கள் மனைவி நாளைக்கு "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று தொடங்கும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள். முதல் கேள்வியை மரியாதைக்காகக்கூடக் கேட்பார்கள். காது கொடுத்துக் கேட்டவர்தான் இரண்டாவது கேள்வி கேட்க முடியும். மனைவிகளுக்கு அந்த வித்தியாசம் தெரியும், தம்பி.

"எல்லாம் குடும்பத்துக்காகத்தான்" என்கிறீர்கள். நம்புகிறேன். அதை அவரிடம் ஒரு பதிலாக மட்டும் சொல்லாதீர்கள். அவர் குறை சொல்லும்போது அதைச் சொன்னால், வாயை மூடு என்பது போலத்தான் கேட்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். சாதாரண நேரத்தில் எல்லாரிடமும் நன்றாகத்தான் பழகுகிறேன். தேர்வு, புராஜெக்ட் என்று அவசரம் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுகிறேன். போன மாதம் அறை நண்பன் ஏதோ மனம் உடைந்து உட்கார்ந்திருந்தான். பார்த்தேன், பார்த்தும் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். நான் சுயநலக்காரனா அம்மா?

பதில்: சுயநலக்காரனாக இருந்திருந்தால் ஒரு மாதம் கழித்து இதை எனக்கு எழுதியிருக்க மாட்டாய், தம்பி.

1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் பிரின்ஸ்டனில் செய்த ஆய்வு ஒன்றை உனக்குச் சொல்கிறேன். இறையியல் படிக்கும் 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகிற வழியில் ஒருவர் வாசலோரம் சரிந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். அவசரமே இல்லாமல் அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஓரளவு அவசரம் என்று சொல்லப்பட்டவர்களில் 45 சதவீதம். "ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அந்தச் சமாரியன் கதையையே பேசப் போனவர்கள்கூட, வேறு தலைப்பில் பேசப் போனவர்களைவிட அதிகம் உதவினார்கள் என்று சொல்ல முடியாமல் போனது.

நல்ல மனசு இருந்தவர்கள்தான் அவர்களும். அவசரம் அவர்களை நிற்காமல் ஓட வைத்துவிட்டது. அதனால் உன் குணத்தைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட, அவசரம் வருகிற வழியைப் பார். கிளம்பும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் வைத்துக்கொள். அந்தப் பதினைந்து நிமிடம் யாருக்காவது தேவைப்படும். தேவைப்படாத நாளில் மெதுவாக நடந்து போ.

அப்புறம், அந்த நண்பனிடம் இன்றைக்கே பேசு. "அன்னைக்கு நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்டா, நின்னிருக்கணும், ஓடிட்டேன்" என்று மட்டும் சொல். காரணம் எதுவும் சேர்க்காதே. ஒரு மாதம் ஆகிவிட்டதே என்றும் யோசிக்காதே.

கேள்வி: வேலையை ஒதுக்கிவிட்டு உறவு உறவு என்று உட்கார்ந்தால் யார் சம்பாதித்துப் போடுவார்கள்? உங்கள் பதில்களைப் படித்தால் வேலை செய்பவன்தான் குற்றவாளி போலத் தெரிகிறது.

பதில்: சம்பாதிப்பதும் அன்புதான். அதைக் குறைவாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நானும் வேலை பார்த்துத்தான் ஒரு பிள்ளையை வளர்த்தேன்.

ஆனால் உங்கள் ஒரு நாளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். அன்றைக்கே செய்யாவிட்டால் வயிற்றுக்கோ உயிருக்கோ கெடுதல் வரும் வேலை எத்தனை? மீதி எல்லாம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டவை? மெங் சூ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் காட்டியது இது: ஒரு வேலைக்குக் கெடு நெருங்குகிறது என்று தெரிந்தாலே, பலன் குறைவாக இருந்தாலும் அதை முதலில் எடுத்துவிடுகிறோம். பலன் அதிகமான, கெடு இல்லாத வேலை காத்துக்கிடக்கிறது. மனிதர்கள் பெரும்பாலும் கெடு வைத்துக்கொண்டு வருவதில்லை. அப்பா உங்களிடம் பேசுவதற்குக் கடைசித் தேதி எழுதி ஒட்டியிருப்பதில்லை. அதனால்தான் அவர் வரிசையில் பின்னால் போகிறார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு 724 ஆண்களை அவர்களுடைய வாழ்க்கை நெடுகத் தொடர்ந்தது. அந்த ஆய்வின் நான்காவது இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் பல முறை சொல்லிவரும் முடிவு ஒன்று உண்டு. 80 வயதில் யார் நலமாக இருப்பார்கள் என்பதை, 50 வயதில் அவர்கள் ரத்தத்தில் இருந்த கொழுப்பின் (கொலஸ்ட்ரால்) அளவைவிட, அந்த வயதில் தங்கள் உறவுகளில் அவர்கள் எவ்வளவு நிறைவாக இருந்தார்கள் என்பதே நன்றாகக் காட்டியது. சம்பாதிப்பதற்கு உடம்பு வேண்டுமே, ஐயா. அந்தக் கணக்கிலாவது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, "வேலை கிடக்கட்டும், வந்து உட்கார்ந்து பேசு" என்று எங்கள் வீட்டில் எல்லாருமே சொல்வார்கள். ஆனால் அந்த வேலையை யாரும் தொட மாட்டார்கள். நான் உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டு எழுந்தால், எல்லாரும் தூங்கப் போன பிறகு நள்ளிரவு வரை நான் ஒருத்தி நிற்கிறேன். உட்காராவிட்டால் "இவளுக்கு மனுஷங்களைவிட வேலைதான் பெருசு" என்கிறார்கள். உறவுக்கு முதலிடம் கொடு என்று எனக்கும் சொல்லப் போகிறீர்களா?

பதில்: மாட்டேன், தங்கச்சி. உங்கள் வீட்டில் அந்த அறிவுரையைக் கேட்க வேண்டியவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள்.

இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒருத்தியின் நள்ளிரவை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் அனுபவிக்கும் அந்தக் கலகலப்புக்கு உறவு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி 1989-இல் எழுதியபோது, அலுவலகம் முடிந்து வீட்டில் தொடங்கும் வேலையை "இரண்டாவது ஷிஃப்ட்" என்று சொன்னார். நீங்கள் சொல்வது மூன்றாவது. சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டிய ஷிஃப்ட்.

அடுத்த முறை "வந்து உட்காரு" என்று கூப்பிடும்போது, "நீங்க இங்க வாங்களேன், பேசிக்கிட்டே முடிச்சுடலாம்" என்று கூப்பிடுங்கள். குரலில் காரம் வேண்டாம். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். "இதை மடிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்று துணிக் குவியலை நடுவில் கொண்டுவந்து போட்டுவிடலாம். நேருக்கு நேர் உட்கார்ந்தால் சொல்லத் தயங்கும் விஷயங்கள், பக்கத்துப் பக்கத்தில் நின்று கையை ஏதோ ஒன்றில் வைத்திருக்கும்போது சுலபமாக வரும். அச்சகத்தில் ஃபாரம் மடிக்கும் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் சொல்லிக்கொள்ளாத குடும்பக் கதை கிடையாது. எத்தனை கண்ணீர் அந்த மேஜையில் துடைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா! கை நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை.

முதலில் முணுமுணுப்பார்கள். நான்கைந்து முறை கூப்பிட்டுப் பாருங்கள். ஒருவராவது எழுந்து வருவார். அவரோடு தொடங்குங்கள். யாருமே வரவில்லை என்றால், அதைக் கணவரிடம் தனியாக, அமைதியான ஒரு நேரத்தில், "எனக்கு ராத்திரி இத்தனை மணி ஆகுது" என்று கணக்காகச் சொல்லுங்கள். களைப்பைச் சொன்னால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மணியைச் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: நேரில் போகவும் போனில் பேசவும் நேரமில்லை. அம்மாவுக்குத் தினமும் மெசேஜ் அனுப்புகிறேன். போதாதா?

பதில்: அனுப்புங்கள், நிறுத்த வேண்டாம். ஆனால் குரல் வேறு. விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்ஸர் குழுவினர் சிறுமிகளை மன அழுத்தம் தரும் ஒரு சோதனைக்கு உட்படுத்திவிட்டு அம்மாவோடு தொடர்புகொள்ள விட்டார்கள். 2012-இல் வெளியான முடிவுகளின்படி, போனில் அம்மாவின் குரலைக் கேட்ட பிள்ளைகளுக்கு அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் குறைந்தது, நெருக்கத்தோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் கூடியது. மெசேஜில் மட்டும் பேசிய பிள்ளைகளுக்கு, அம்மாவோடு தொடர்பே இல்லாதவர்களுக்கு இருந்த நிலைதான். வாரத்தில் மூன்று மெசேஜுக்குப் பதில் மூன்று நிமிடம் பேசிப் பாருங்கள். அம்மாவின் குரலில் உடம்பு சரியில்லை என்றாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மெசேஜில் அவர் "நல்லா இருக்கேன்" என்றுதான் எழுதுவார்.

கேள்வி: ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. 30 வருடம் வேலை வேலை என்று ஓடினேன். நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கல்யாணம், காரியம் எதற்கும் போகவில்லை. ஒருவன் உடம்பு முடியாமல் இருந்தபோதுகூடப் போகவில்லை. இப்போது நேரம் கொட்டிக் கிடக்கிறது. "வேலை இல்லாததும் நம்ம ஞாபகம் வந்துடுச்சா" என்று கேட்டுவிடுவார்களோ என்று போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

பதில்: ஐயா, கேட்கலாம். கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிடும்.

ஆனால் கேட்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெக்கி லியூ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 5,900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். 2022-இல் வெளியானது. தொடர்பு விட்டுப்போன ஒருவரை நாம் கூப்பிட்டால் அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். எதிர்பாராமல் வருகிற அழைப்பு என்றால் அவர்களுடைய மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது. நாம் நம் தயக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவர்களுக்கு வரும் ஆச்சரியம் நம் கண்ணில் படுவதில்லை.

எனக்கும் அப்படி ஒரு தோழி உண்டு. அச்சகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து மூலப்பிரதியை வாய்விட்டுப் படிப்பாள், நான் புரூஃபில் சரிபார்ப்பேன். பதினோரு வருடம் அவள் குரலைக் கேட்டுத்தான் என் நாள் ஓடியது. அவள் வேலையை விட்டுப் போன பிறகு, போக வேண்டும் போக வேண்டும் என்றே ஒன்பது வருடம் போய்விட்டது. ஒரு நாள் மதியம் கூப்பிட்டேன். "நான்தான்" என்றேன். பெயர்கூடச் சொல்லவில்லை. அவள் ஒரு கணம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "கமா, முற்றுப்புள்ளி, பாரா" என்றாள். அந்தக் காலத்தில் அவள் படித்துக்காட்டும் அதே ராகத்தில்! இருவரும் அழுதுவிட்டோம். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவள் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

முதலில் யாரைக் கூப்பிடுவது? உடம்பு முடியாமல் இருந்தாரே, அவரை. அதுதான் கடினம், அதனால் அது முதலில். நீண்ட விளக்கம் வேண்டாம். "நீ படுத்திருந்தப்ப நான் வந்திருக்கணும். வரல. மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. இப்ப எப்படி இருக்கே?" அவ்வளவுதான். பிறகு அவர் பேசட்டும். அவர் கோபமாகப் பேசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. போனை வைப்பதற்கு முன்னால், அடுத்து எந்த நாள் கூப்பிடுவேன் என்று கிழமையைச் சொல்லிவிட்டு வையுங்கள். அந்தக் கிழமையில் கூப்பிடுங்கள். உங்கள் மேல் நம்பிக்கை திரும்புவது அந்த இரண்டாவது அழைப்பில்தான்.

கேள்வி: அம்மா, என் அப்பா படுக்கையில் இருக்கிறார். ஒன்றரை வருடம் ஆகிறது. துடைப்பது, துணி மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு மருந்து எல்லாம் நான்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவரோடு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தால் நினைவுக்கே வரவில்லை. போன வாரம் துணி மாற்றும்போது, "கொஞ்ச நேரம் நில்லேன்" என்றார். "அடுத்தது மருந்து இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்காகச் செய்யும் வேலையே என்னை அவரிடமிருந்து பிரிக்கிறது.

பதில்: மகளே, நீங்கள் செய்துகொண்டிருப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஒன்றரை வருடம் ஒருவரின் உடம்பைச் சுமப்பவர் களைத்துப்போவதில் தவறு எதுவும் இல்லை. முதலில், வாரத்தில் சில மணி நேரமாவது இந்த வேலையை வேறொருவர் கையில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அண்ணன் தம்பி யாராவது இருந்தால் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்க வந்து அப்பாவைத் துடைச்சு விடணும்" என்று நாளும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் வேறு எதற்கும் ஓடாமல், வெறுமனே மகளாக அந்த அறைக்குள் போக அந்த ஒரு காலை வேண்டும்.

மற்ற நாட்களில் புதிதாக நேரம் தேட வேண்டாம். இருக்கிற வேலைக்குள்ளேயே இடம் இருக்கிறது. துடைக்கும்போது அடுத்து என்ன என்று மனசு ஓடும், தெரியும். அந்த இடத்தில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி. "நீங்க முதல்ல வேலைக்குப் போன அன்னைக்கு யாருப்பா கூட வந்தாங்க?" கேட்டுவிட்டு, பதில் வரும் வரை ஈரத் துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கையைச் சும்மா வைத்திருங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குச் சொல் வர நேரமாகும். அந்த மௌனத்தில்தான் நாம் அவசரப்பட்டுத் துணியை எடுத்துவிடுகிறோம்.

மருந்துக்கு நேரம் தவறக் கூடாது, அதில் நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் நேரம் தவறினாலும் ஒன்றும் ஆகாத வேலைகள் சில இருக்கும். அவருக்கு நகம் வெட்டிவிடுவீர்கள் இல்லையா? இனி பத்து விரலையும் ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். இன்றைக்கு வலது கை மட்டும். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மெதுவாக. மீதியை நாளைக்கு வைத்துவிடுங்கள். "இன்னொரு கை பாக்கி இருக்குப்பா, நாளைக்கு உட்காரணும்" என்று அவரிடமும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.